மிஷன் பயணத்தில் மருத்துவமனைச் சந்திப்பு: நோயாளிகளோடு ஜெபிக்கப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மே விடுமுறையிலும் கிறிஸ்துமஸை ஒட்டியும் தமிழ்நாட்டுச் சபைகளிலிருந்து வடஇந்தியப் பணித்தளங்களுக்குக் குழுக்கள் கிளம்புகின்றன. அவர்களுடைய நிகழ்ச்சி நிரலில் ‘மாலை 4 மணி: மருத்துவமனைச் சந்திப்பு’ என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். கிராமக் கூட்டத்துக்குப் பாட்டு, குறுநாடகம், சாட்சி என்று வாரக்கணக்கில் ஒத்திகை நடக்கும். மருத்துவமனைக்கு மட்டும் ஒத்திகை கிடையாது. பைபிளையும் ஆரஞ்சுப் பழப் பையையும் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் போனால் போதும் என்ற நினைப்பு. உண்மையில் அந்தப் பயணத்திலேயே அதிகமாகத் தயாராக வேண்டிய இடம் அதுதான். கிராமக் கூட்டம் பிடிக்காதவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருப்பவர் எங்கே போவார்?

நான் கீழே சொல்கிற எல்லாமே இந்த ஒரு கேள்வியிலிருந்து வருவதுதான். அவரால் எழுந்து போக முடியாது. ஆகவே நாம் வருவதற்கும், பேசுவதற்கும், ஜெபிப்பதற்கும், போவதற்கும் அவருடைய சம்மதமே அளவு.

எங்கே போகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மிஷன் மருத்துவமனை, அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை மூன்றுக்கும் ஒரே முறை பொருந்தாது.

மிஷன் மருத்துவமனை என்றால், பீகாரில் நேபாள எல்லையை ஒட்டிய ரக்சௌலில் 1930-ல் தொடங்கிய டங்கன் மருத்துவமனை போன்றவை. அல்லது நம் வேலூர் சிஎம்சி. இங்கெல்லாம் ஜெபம் புதிதல்ல. பெரும்பாலான இடங்களில் சாப்ளின், அதாவது மருத்துவமனைப் போதகர், இருப்பார். வார்டு ஜெபத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கும். நாம் போவது அவருக்கு உதவியாக. “நம்ம ஆஸ்பத்திரிதானே” என்று உரிமையோடு நுழைந்துவிடக் கூடாது. அங்கே படுத்திருப்பவர்களில் பலர் இந்துக்கள், முஸ்லிம்கள். நல்ல வைத்தியம் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்கள். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க அந்த மருத்துவமனைக்குப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். வந்து இரண்டு நாளில் கிளம்பிப் போகும் குழு அதைக் கெடுத்துவிட்டுப் போவது எளிது.

வேலூர் மருத்துவமனையின் கதையே இதற்கு நல்ல பாடம். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவிக்கு உதவி கேட்டு இளம்பெண் ஐடா ஸ்கடரிடம் வந்தார்கள். அவருடைய தந்தை மருத்துவர்தான். ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள் அவர்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு வேலூரில் வேலையைத் தொடங்கினார். அந்தக் குடும்பங்கள் கேட்டது ஒரு பெண் மருத்துவரை. அவர் அதுவாகவே திரும்பி வந்தார். கேட்காததைக் கொண்டுபோய்த் திணிக்கும் ஆசை நமக்கு வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளலாம்.

அரசு மருத்துவமனைக்குக் குழுவாகப் போய்ப் படுக்கை படுக்கையாக ஜெபிப்பதை நான் பரிந்துரைப்பதே இல்லை. உங்களுக்குத் தெரிந்தவர் அங்கே சேர்ந்திருக்கிறார், அவரோ குடும்பமோ வரச் சொல்கிறார்கள் என்றால் பார்வையாளர் நேரத்தில் ஒருவரோ இருவரோ போய்வாருங்கள். அதற்கு மேல் எதுவாக இருந்தாலும் டீன் அல்லது ஆர்எம்ஓ (நிலைய மருத்துவ அதிகாரி) கையெழுத்து இல்லாமல் செய்யாதீர்கள். தனியார் மருத்துவமனைக்கும் இதே கதைதான்.

அனுமதியும் சட்டமும்

பயணத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே மருத்துவமனை நிர்வாகத்துக்கும் சாப்ளினுக்கும் கடிதம் எழுதுங்கள். எத்தனை பேர், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, என்ன மொழி தெரியும் என்று சொல்லி, எந்த நாள், எவ்வளவு நேரம், எந்த வார்டுகளுக்குப் போகலாம், போகக் கூடாது என்று கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். “பணித்தள மிஷனெரி அண்ணன் பேசிட்டார்” என்பது அனுமதி ஆகாது. அந்த அண்ணன் பேசியது யாரிடம், அவர் இன்றைக்கு டியூட்டியில் இருக்கிறாரா என்பதெல்லாம் வாசலில் நிற்கும்போதுதான் தெரியவரும்.

சட்டம் பற்றிக் குழுவில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒடிசாவில் 1967-லிருந்தே மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது. ஜார்க்கண்ட் 2017-ல் கொண்டுவந்தது. உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் 2021-ம் ஆண்டுச் சட்டங்கள் இருக்கின்றன. நோயாளிக்காக ஜெபிப்பதும் மதமாற்றமும் ஒன்றல்ல. ஆனால் இந்தச் சட்டங்களின் வாசகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒடிசா, ஜார்க்கண்ட் சட்டங்களில் தெய்வ கோபம் வரும் என்று பயமுறுத்துவதும் ‘பலவந்தம்’ என்பதில் சேரும். பரிசோ பணமோ கொடுப்பது ‘ஆசைகாட்டுதல்’ ஆகலாம். “இயேசுவை ஏற்றுக்கொள்ளாவிட்டால் இந்த வியாதி போகாது” என்று நோயாளியிடம் சொல்வது சட்டப்படியும் ஆபத்து. சட்டம் இல்லாத மாநிலத்திலும் அதைச் சொல்லக் கூடாது என்பது வேறு விஷயம். படுத்திருப்பவரைப் பயமுறுத்துவது எந்த ஊரில் ஊழியமாகும்?

வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்துகொள்ளும் நம் உறவினர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சுற்றுலா விசாவில் வந்து மிஷனெரி வேலை செய்யக் கூடாது. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவர்களும் மிஷனெரிப் பணிகளுக்குத் தனி அனுமதி பெற வேண்டும் என்று 2021 மார்ச்சில் உள்துறை அமைச்சகம் அறிவித்திருக்கிறது. அப்புறம், ரக்சௌல் வரை போனவர்களுக்கு எல்லை தாண்டி பீர்கஞ்சையும் பார்த்துவிட ஆசை வரும். தாராளமாகப் பார்க்கலாம், கைப்பிரதிகளைப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். 2018-லிருந்து நடைமுறையில் உள்ள நேபாளக் குற்றவியல் சட்டத்தில் மதம் மாற்றுவதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை.

யார் வரலாம்

வார்டுக்குள் போகிறவர்கள் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஒரு படுக்கைக்கு இருவர்தான். ஒருவர் பேச, மற்றவர் கவனிக்க: நோயாளியின் முகம் வாடுகிறதா, நர்ஸ் ஊசியோடு வருகிறாரா, நேரம் ஆகிவிட்டதா என்று. பெண்கள் வார்டுக்குப் பெண்களே போகட்டும். மீதிப் பேர் மருத்துவமனைச் சிற்றாலயத்திலோ தங்கும் இடத்திலோ அமர்ந்து ஜெபிக்கலாம். அது குறைந்த வேலை இல்லை.

சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருப்பவர் அன்றைக்கு வரக் கூடாது. இரண்டு நாள் ரயிலில் வந்த குழுவில் ஒருவருக்காவது தொண்டை கட்டியிருக்கும். அவரைத் தடுக்கும் தைரியம் தலைவருக்கு வேண்டும். அண்மையில் வீட்டில் மரணம் கண்டவரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். சிறுபிள்ளைகள் வேண்டவே வேண்டாம்.

கிளம்பும் முன் உங்கள் மருத்துவரைப் பார்த்து டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, டைபாய்டு தடுப்பூசிகள் பற்றியும், மலேரியா உள்ள பகுதி என்றால் அதற்கான மாத்திரை பற்றியும் கேளுங்கள். பீகாரின் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். டிசம்பர் ஜனவரியில் எதிரில் நிற்பவர் முகம் தெரியாத பனி, ரயில்கள் மணிக்கணக்கில் தாமதம். களைத்துப்போய் வந்து இறங்கிய அன்றே வார்டுக்குப் போகும்படி நிரல் போடாதீர்கள்.

உடை எளிமையாக, தொங்கல் இல்லாமல் இருக்கட்டும். சென்ட் கூடாது. மல்லிகைப்பூவும் கூடாது. கீமோதெரபி எடுக்கிறவருக்கு அந்த வாசனையே குமட்டும். மூச்சுத் திணறல் உள்ளவருக்கு இன்னும் மோசம்.

ஒத்திகை

இதைச் செய்யாத குழுவை நான் அனுப்பமாட்டேன். சபை ஹாலில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஒருவரைப் படுக்கச் சொல்லுங்கள். முதலில் ஆறு பேர் அவரைச் சுற்றி நின்று, கையை நீட்டி, சத்தமாக ஜெபிக்கட்டும். படுத்திருந்தவரை எழுப்பி எப்படி இருந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் “பயமா இருந்துச்சு”, “மூச்சு முட்டுச்சு” என்றுதான் பதில் வரும். மல்லாந்து கிடப்பவருக்கு நம் தாடைகளும் மூக்குத் துவாரங்களும்தான் தெரியும்! அப்புறம் இருவர் மட்டும் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, மெதுவாகப் பேசட்டும். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிப் பயிற்சி முடிந்தது.

குழுவில் எல்லாருமே ஒருமுறை அந்தப் பெஞ்சில் படுக்க வேண்டும், தலைவர் உட்பட.

பையில் என்ன

கை கழுவும் சானிடைசர் ஒன்று. சிறிய புதிய ஏற்பாடு, சங்கீதங்களோடு. சத்தம் அணைத்த கைபேசி. மாஸ்க். அவ்வளவு போதும். கிட்டார் வேண்டாம்.

பழப் பை கொண்டுபோவது நம் ஊர்ப் பழக்கம். வெறுங்கையோடு போனால் மனசு கேட்காது. ஆனால் நாம் நல்லது என்று நினைத்துக் கொடுப்பது சிலருக்கு விஷம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஆகாது. இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு மூன்றிலும் அது நிறைய. சர்க்கரை நோயாளியிடம் பழச்சாறும் ஹார்லிக்ஸும் கேக்கும் நீட்டுவோம். அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றோடு இருப்பவரிடம் “ஒரு வாய் சாப்பிடுங்க” என்போம். அவர் மரியாதைக்காகச் சாப்பிட்டுவிட்டால் அறுவை சிகிச்சை தள்ளிப்போகும், மயக்க மருந்தின்போது உயிருக்கே ஆபத்தும் ஆகலாம். ஒரு வாய்த் தண்ணீரும் நர்ஸைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. உதவ வேண்டும் என்றால் சோப்பு, சீப்பு, தேங்காய் எண்ணெய், துண்டு, கொசுவத்தி போன்றவற்றை மருத்துவமனையிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். தேவை யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியும். ஜெபத்துக்குச் சம்மதித்தவருக்கு மட்டும் பொருள், மறுத்தவருக்கு இல்லை என்ற தோற்றம்கூட வரக் கூடாது.

கைப்பிரதிகளை மருத்துவமனை நிர்வாகம் கேட்டுக்கொண்டால் ஒழிய எடுத்துப்போக வேண்டாம்.

வார்டு வாசலில்

காலை நேரம் டாக்டர்கள் ரவுண்ட்ஸ், டிரஸ்ஸிங், எக்ஸ்ரே என்று ஓடும். பார்வையாளர் நேரமான மாலைதான் தோது. வார்டுக்குள் போனதும் முதலில் டியூட்டி சிஸ்டரைப் பாருங்கள். சாப்ளினின் அனுமதிக் கடிதம் இருந்தாலும் அந்த நேரத்தில் அந்த வார்டு சிஸ்டருடையது. அவரிடம் கேட்க வேண்டியவை: இன்று யாரைப் பார்க்கலாம், யாரை விட்டுவிட வேண்டும், யார் அருகில் மாஸ்க் போட வேண்டும், யாருக்குத் துணையாக ஒருவரும் இல்லை. நோயாளிக்கு என்ன நோய் என்று கேட்காதீர்கள். அது நமக்குத் தேவையில்லாத விவரம். சிஸ்டரும் அதைச் சொல்லக் கூடாது.

ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கை கழுவ வேண்டும். கட்டிலையோ மேசையையோ தொட்டிருந்தாலும்தான். ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குக் கிருமியைக் கொண்டுபோகும் வேலையை நம் கைகள் செய்யக் கூடாது. சானிடைசரை நோயாளிக்கு முன்னால் முகம் சுளித்துக்கொண்டு தேய்க்காதீர்கள். வார்டு வாசலிலேயே, இயல்பாக.

படுக்கை அருகில்

கால்மாட்டில் நிற்காதீர்கள், தலைமாட்டிலும் வேண்டாம். பக்கவாட்டில், அவர் கழுத்தைத் திருப்பாமல் உங்களைப் பார்க்கும் இடத்தில். ஸ்டூல் இருந்தால் உட்காருங்கள், கட்டிலில் உட்காராதீர்கள். டியூப், வயர், சிறுநீர்ப் பை எங்கே தொங்குகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு பிறகு நெருங்குங்கள்.

“வணக்கம்மா, நாங்க தமிழ்நாட்டுல ஒரு சபையிலேருந்து வந்திருக்கோம். அஞ்சு நிமிஷம் உட்காரலாமா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். பீகாரில் வயதான பெண்ணை ‘மாதாஜி’ என்றும், நடு வயதுப் பெண்ணை ‘தீதி’ என்றும், ஆண்களை ‘பய்யா’, பெரியவர் என்றால் ‘சாச்சாஜி’ என்றும் கூப்பிடலாம். வேலூரிலும் தமிழ் மட்டும் போதாது; அங்கே மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. மொழிபெயர்க்க மருத்துவமனை ஊழியர் ஒருவரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மா தன் பயத்தைப் பத்து வயது மகன் வாய்வழியாகச் சொல்லமாட்டார்.

அவர் தலையைத் திருப்பிக்கொண்டாலோ, கண்ணை மூடிக்கொண்டாலோ, “தூக்கம் வருது” என்றாலோ அதுவே பதில். “சரிம்மா, ஓய்வெடுங்க” என்று சிரித்த முகத்தோடு எழுந்துவிடுங்கள். மருத்துவமனையில் அவர் ஊசியை மறுக்க முடியாது, ரத்தம் எடுப்பதை மறுக்க முடியாது, நம்மை மறுக்கலாம். அந்த உரிமையைத் தாராளமாகக் கொடுங்கள்.

சம்மதித்தால், பேச விடுங்கள். “எப்படி இருக்கீங்க, ராத்திரி தூக்கம் வந்ததா, வீட்டுல யார் இருக்காங்க” என்று தொடங்கலாம். எந்த ஊர் என்று கேட்கலாம். அதற்கு அடுத்த கேள்வியாக நம் ஊரில் வருமே, எந்தத் தெரு, எந்த ஆட்கள் என்று, அதைக் கேட்கவே கூடாது. “எதனால வந்துச்சு?” வேண்டாம். “குடிப்பீங்களோ?” வேண்டாம். “எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், மூணே மாசத்துல…” என்று தொடங்கும் கதைகள் வாய் நுனி வரை வரும், விழுங்கிவிடுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வினை.

“இது ஆண்டவருடைய சித்தம்”, “உங்க விசுவாசம் பெருகணும்”, “ஏதாவது பாவம் மறைச்சிருக்கீங்களா?” இந்த மூன்றையும் சொல்பவரை அடுத்த முறை குழுவில் சேர்க்காதீர்கள்.

கேட்டால் மனுஷர்கள் நாம் எதிர்பாராததைச் சொல்வார்கள். எல்லைப் பக்கத்து வார்டு ஒன்றில் இடுப்பு உடைந்து, காலில் எடை கட்டி இழுத்துப் படுக்க வைத்திருந்த ஒரு பெரியவர். எங்களோடு வந்த தம்பி அவருடைய இடுப்புக்காக ஜெபிக்கத் தயாராக இருந்தார். என்னவென்று ஜெபிக்கட்டும் என்று கேட்டதற்குப் பெரியவர் சொன்னது எருமையைப் பற்றி. கன்று போடும் நாள் நெருங்கிவிட்டது, வீட்டில் மருமகள் ஒருத்திதான், அவளுக்கு அதெல்லாம் தெரியாது. இடுப்பை டாக்டர் பார்த்துக்கொள்வார், எருமையை யார் பார்ப்பது? தம்பி ஒரு விநாடி எங்களைப் பார்த்தார். அப்புறம் எருமைக்காகவும் மருமகளுக்காகவும் ஜெபித்தார். மொழிபெயர்த்த நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடி, ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

குருடனான பர்திமேயுவிடம் இயேசுவே “நான் உனக்கு என்ன செய்யவேண்டும்” என்றுதான் கேட்டார். குருடனுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா?

ஜெபிக்கும்போது

ஜெபத்துக்குத் தனியாக இன்னொரு முறை அனுமதி கேளுங்கள். உட்காரச் சம்மதித்தது ஜெபிக்கச் சம்மதித்தது ஆகாது. இந்து, முஸ்லிம் நோயாளிகளிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுங்கள்: “நாங்க இயேசுகிட்ட ஜெபிக்கிறவங்க. உங்களுக்காக ஜெபிக்கலாமா, இல்ல எங்க ரூமுக்குப் போய் ஜெபிச்சுக்கவா?” இரண்டாவது வழியையும் சொல்வது முக்கியம். மறுக்கக் கூச்சப்படுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். இந்தியில் “க்யா மேன் ஆப்கே லியே ப்ரார்த்தனா கரூன்?” என்று கேட்டால் புரியும். உண்மையில் நம் நாட்டில் ஜெபத்தை மறுப்பவர்கள் குறைவு. எந்த மதத்தவரும் “செய்ங்க, செய்ங்க” என்பார்கள். அதனாலேயே, அது மனமார வந்ததா மரியாதைக்கு வந்ததா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வியாதிப்பட்டவனுக்காக ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபு 5:14-லும் மூப்பர்களை வரவழைக்கிறவன் வியாதிப்பட்டவன்தான். அழைப்பு அவனுடையது.

குரல் பக்கத்துப் படுக்கையை எட்டக் கூடாது. ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. அவர் சொன்ன பெயர்களும் கவலைகளும் அதில் வரட்டும். உதாரணத்துக்கு:

“அன்புள்ள ஆண்டவரே, இந்த அம்மாவை உமக்குத் தெரியும். நாளைக்கு ஆபரேஷன் என்று பயமாக இருக்கிறது என்கிறார்கள். இன்றிரவு நல்ல தூக்கத்தைக் கொடும். டாக்டர்களுடைய கைகளையும் நர்ஸ்களுடைய கைகளையும் வழிநடத்தும். வீட்டில் தனியாக இருக்கிற இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும். இவர்களுக்குச் சுகம் தாரும், எது வந்தாலும் இவர்களோடே இரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.”

இதற்கு மேல் என்ன வேண்டும்? சுகம் கேளுங்கள், நிச்சயம் கேளுங்கள். ஆனால் “இன்றைக்கே எழுந்து நடப்பீர்கள்” என்று ஆண்டவர் சார்பில் வாக்குறுதி கொடுக்காதீர்கள். நாளைக்கு நடக்காவிட்டால் நீங்கள் ரயிலில் இருப்பீர்கள், அவர் அதே கட்டிலில் இருப்பார். “ஜெபித்தாயிற்று, மாத்திரை வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே குழுத் தலைவர் திருத்த வேண்டும், சிஸ்டரிடமும் சொல்லிவிட வேண்டும். காசநோய், வலிப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எதற்கும் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

அந்நியபாஷை, கை தட்டல், பிசாசைத் துரத்துதல் எதுவும் வார்டில் கூடாது. வலிப்பு வந்தவரையோ மனநோயாளியையோ பார்த்துப் ‘பிசாசு’ என்ற சொல்லை வாயில் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தக் குடும்பம் ஆயுளுக்கும் அதைச் சுமக்கும்.

வேத வசனம் வாசிக்க அவர் விரும்பினால் சிறியதாக வாசியுங்கள். சங்கீதம் 23-க்கு ஆறே வசனம், 121-க்கு எட்டு. இரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை. கத்தோலிக்கர் ஒருவர் நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசும் திருச்சடங்கு) வேண்டும் என்று கேட்டால் அது குருவானவர் செய்ய வேண்டியது. சாப்ளின் மூலம் பங்குத்தந்தைக்குச் சொல்லி அனுப்புங்கள். நாமே ஏதாவது செய்துவைக்க வேண்டாம்.

கையும் எண்ணெயும்

தலையில் கை வைத்து ஜெபிப்பது நமக்குப் பழக்கம். தலையில் தையல் போட்டிருப்பவருக்கும், கழுத்தில் டியூப் இருப்பவருக்கும் அது வேதனை. முன்பின் தெரியாத ஆண் தலையில் கை வைப்பது பெண்களுக்குச் சங்கடம். கேட்டுவிட்டு, ஊசி குத்தாத கையை மெல்லப் பிடித்துக்கொண்டால் போதும். அதுவும் வேண்டாம் என்றால் கை நம் மடியிலேயே இருக்கட்டும்.

எண்ணெய் பூசும் வழக்கமுள்ள சபையார் கவனிக்க: ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருப்பவர் அருகில் எண்ணெய் கொண்டுபோகக் கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. மெழுகுவர்த்தியும் அப்படித்தான். காயத்தில், காயக் கட்டின்மேல், கண்ணில் எண்ணெய் படக் கூடாது. குடிக்கக் கொடுக்கவே கூடாது. மற்றபடி நோயாளியே கேட்டு, சிஸ்டரும் சரி என்றால் நெற்றியில் ஒரு துளி.

அதே நேரத்தில், தொடப் பயந்து ஒதுங்கி நிற்பதும் நோயாளிக்குத் தெரியும். சிகிச்சையில் இருக்கும் தொழுநோயாளியின் கையைப் பிடிப்பதால் உங்களுக்கு நோய் வராது. எச்ஐவி தொட்டுப் பரவாது. பீகார் பக்கம் காலா அசார் என்ற காய்ச்சல் நோயைக் கேள்விப்படுவீர்கள். அது மணல் ஈ கடித்துப் பரவுவது. காசநோய் காற்றில் பரவும். அங்கே சிஸ்டர் அனுமதித்தால் என்95 மாஸ்க்கோடு, ஜன்னல் திறந்திருக்கும் பக்கம் உட்கார்ந்து, சீக்கிரம் எழுந்துவிடுங்கள்.

சில வார்டுகளுக்குத் தனிக் கவனம்

பிரசவ வார்டில் எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். பக்கத்துக் கட்டிலில் குழந்தையை இழந்தவர் படுத்திருக்கலாம். “வாழ்த்துகள்” சொல்லும் முன் சிஸ்டரைக் கேளுங்கள். பெண் குழந்தை பிறந்திருந்தால் “அடுத்தது பையனாகப் பிறக்கட்டும்” என்று ஜெபிக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். குழந்தையின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி ஆசீர்வதியுங்கள்.

பூச்சிமருந்து குடித்துச் சேர்க்கப்பட்டவர்கள் கிராமப்புற மருத்துவமனைகளில் அதிகம். “தற்கொலை பாவம்” என்ற பிரசங்கத்துக்கு அது இடமல்ல. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. பக்கத்தில் உட்காருங்கள். பேசினால் கேளுங்கள். மறுபடியும் அப்படி ஒரு எண்ணம் இருப்பதாகச் சொன்னால் மட்டும் ரகசியம் காக்காதீர்கள்; உடனே சிஸ்டரிடம் போங்கள்.

ஐசியூவுக்குள் குடும்பம் கேட்டால் ஒருவர் மட்டும், அரை நிமிடம். மயக்கத்தில் இருப்பவருக்கும் காது கேட்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுங்கள். “ரொம்ப நாள் தாங்காது போல” என்று கட்டிலருகே நின்று பேசாதீர்கள். கடைசிக் கட்டத்தில் இருப்பவரிடம் நம்பிக்கையோடு பேசுகிறேன் என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. அவரே சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சை மாற்றாதீர்கள். வீட்டில் எல்லாரும் மாற்றியிருப்பார்கள்.

குழந்தைகள் வார்டில் அம்மாவிடமும் கேளுங்கள், குழந்தையிடமும் கேளுங்கள். நான்கு வயதுக் குழந்தைக்கும் “வேண்டாம்” சொல்லத் தெரியும்.

கூட இருக்கிறவர்கள்

வராந்தாவில் பாய் விரித்து, ஸ்டவ் வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு, மருந்துச் சீட்டோடு ஓடிக்கொண்டிருப்பவர்களை யாரும் விசாரிப்பதில்லை. சில நேரம் நோயாளியைவிட அவர்களுக்குத்தான் ஆறுதல் அதிகம் தேவைப்படும். “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாலே சில பெண்கள் அழுதுவிடுவார்கள். நோயாளி அருகில் நீங்கள் பத்து நிமிடம் இருப்பதாகச் சொல்லி, அவரை டீ குடிக்கவோ குளிக்கவோ அனுப்புங்கள். அதுவும் சந்திப்புதான்.

பணம் கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள், நிலத்தை விற்று வந்திருப்பார்கள். கையில் கொடுக்காதீர்கள், ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்த கட்டிலுக்குப் பதில் சொல்ல முடியாது, ஜெபத்துக்கும் பணத்துக்கும் முடிச்சும் விழுந்துவிடும். ஏழை நோயாளிகளுக்கு மிஷன் மருத்துவமனைகளில் சலுகை நிதி இருக்கும். குழுவாகச் சேர்த்து அதில் ரசீதோடு கட்டுங்கள். யாருக்கு அவசரம் என்று சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள்.

இரவு டியூட்டிக்கு வரும் நர்ஸ்களையும் ஆயாக்களையும் மறக்க வேண்டாம். வடக்கே பல மிஷன் மருத்துவமனைகளில் நம் ஊர்ப் பெண்கள் நர்ஸாக இருப்பார்கள். தமிழ் கேட்டதும் முகம் மலரும். ஊறுகாய், முறுக்கு, காபித்தூள் கொண்டுபோனால் அவர்களுக்குக் கொடுங்கள்.

வெளியே வந்த பிறகு

முதலில் கை கழுவுங்கள். அப்புறம் அன்றிரவே குழு உட்கார்ந்து பேச வேண்டும்: என்ன கனத்தது, எது தூங்கவிடாது என்று. முதல்முறை தீக்காய வார்டைப் பார்த்த வாலிபர் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிடுவார். அவரைத் தனியே விடாதீர்கள். நோயாளிகளின் பெயரும் நோயும் இந்தப் பேச்சில் வேண்டாம். ‘மூன்றாவது கட்டில் அம்மா’ என்றால் போதும்.

மீண்டும் யாராவது வந்து பேச வேண்டும் என்று கேட்ட நோயாளிகள் யார் என்பதைச் சாப்ளினிடம் சொல்லிவிட்டு வாருங்கள். இயேசுவைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டவரையும் அவரிடமே ஒப்படையுங்கள். அந்த ஊரில் அந்த மொழியில் நாளைக்கும் இருக்கப் போகிறவர் அவர். உங்கள் கைபேசி எண்ணை வார்டில் கொடுத்துவிட்டு வந்து, பிறகு இந்தியில் வரும் அழைப்புகளை எடுக்காமல் விடுவதைவிட இது நேர்மை.

படம் எடுக்காதீர்கள். நோயாளி சரி என்றாலும் எடுக்காதீர்கள். எச்ஐவி உள்ளவர் நம்பிச் சொன்ன தன் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017-ம் ஆண்டு எச்ஐவி சட்டம் தடைசெய்கிறது. வார்டுப் பலகை பின்னால் தெரியும் ஒரு படம் போதும் விஷயம் வெளியே போக. சபை வாட்ஸ்அப் குழுவுக்கு மருத்துவமனை வாசலில் நின்ற குழுப் படத்தை அனுப்பலாம், அதுவும் நிர்வாகத்தைக் கேட்டுவிட்டு.

ஊர் திரும்பியதும் ஞாயிறு ஆராதனையில் அறிக்கை கேட்பார்கள். “எழுபது பேருக்கு ஜெபித்தோம், பத்துப் பேர் சுகமானார்கள்” என்ற கணக்கை எதிர்பார்ப்பவர்களும் இருப்பார்கள். எந்த மருத்துவமனை, என்னென்ன வேலை அங்கே நடக்கிறது, எத்தனை நர்ஸ்கள் தேவைப்படுகிறார்கள், சலுகை நிதிக்கு எப்படி அனுப்பலாம் என்பதைச் சொல்லுங்கள். நோயாளிகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ஊர், பெயர், நோய் மூன்றையும் எடுத்துவிட்டுச் சொல்லுங்கள். எருமைக் கதையைச் சொல்லலாம்.